தனி ஆளாக ஸ்லீப் லேப்: என் ஸ்கோரிங்கைச் சான்று பெற்ற டெக்னாலஜிஸ்ட்களிடம் எப்படிக் காட்டுவது?

கோவை_நைட்டெக் (கேள்வி)

வணக்கம். ஒரே படுக்கை உள்ள ஸ்லீப் லேப் (தூக்கத்தைப் பதிவு செய்து ஆராயும் ஆய்வகம்). டெக்னீஷியன் நான் ஒருவன்தான். எலக்ட்ரோடு ஒட்டுவது, ராத்திரி முழுக்கப் பார்ப்பது, காலையில் ஸ்கோர் செய்வது (தூக்க நிலைகளையும் மூச்சு நிகழ்வுகளையும் குறிப்பது) எல்லாம் ஒரே கை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் மருத்துவர் அக்கறையானவர்தான், ஆனால் எபாக் எபாக்காக (30 விநாடித் துண்டு ஒன்று ஒரு எபாக்) உட்கார்ந்து பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. நான் போடும் ஸ்டேஜ் சரியா என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆர்பிஎஸ்ஜிடி (தூக்க டெக்னாலஜிஸ்ட் சான்று) முடித்தவர்கள் இருக்கும் இணையக் குழுக்களில் சேர்ந்து கேட்கலாம் என்று இருக்கிறேன்.

இப்போதைக்கு இரண்டு சந்தேகம். 58 வயது ஆண், டயக்னாஸ்டிக் ஸ்டடி (நோயைக் கண்டறியும் இரவு). என்3 (ஆழ்ந்த தூக்கம்) மட்டும் 46% வருகிறது; எனக்கே நம்பிக்கை இல்லை. அடுத்தது, அதே ஆளுக்கு நான் கையால் குறித்த மூச்சு நிகழ்வுகள் (மூச்சு நிற்பது, குறைவது) 132. தூக்கம் 6 மணி நேரம், ஆக ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை மூச்சு நிகழ்வு) 22. மென்பொருளின் ஆட்டோ ஸ்கோரிங் 78 என்கிறது, ஏஹெச்ஐ 13. ஒன்று நடுத்தரம், மற்றது லேசு. எதை வைத்துக்கொள்வது?

குழுவில் கேட்கும்போது திரையை போனில் படம் எடுத்துப் போட்டால் போதுமா, முழு ஃபைலையும் அனுப்பலாமா? சான்று பெற்றவர் என்று சொல்லிக்கொள்பவர் உண்மையில் பெற்றவர்தானா என்று எப்படித் தெரியும்? நானும் அந்தத் தேர்வு எழுத ஆசைப்படுகிறேன். அதற்கும் வழி சொல்லுங்கள்.

ஸ்பிண்டில்

போனில் எடுத்த படத்தை வைத்து என்3 சொல்லவே முடியாதுங்க. விதி என்ன? 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான அலை, மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல், முன்மண்டைச் சேனலில் அளந்தது, 30 விநாடி எபாக்கில் 20 சதவீதம், அதாவது கூட்டினால் 6 விநாடி. சாய்வாக எடுத்த படத்தில் உயரத்தை எதை வைத்து அளப்பது? பார்க்கிறவர் ஊகிப்பார். ஊகத்துக்கு ஊகம் சேர்த்தால் உங்களுக்கு லாபம் இல்லை.

மென்பொருளுக்குள்ளேயே ஸ்கிரீன்ஷாட் எடுங்க. அதற்கு முன்னால் எஃப்4-எம்1, எஃப்3-எம்2 சேனல்களில் (எஃப் முன்மண்டை; எம்1, எம்2 இடது, வலது காதுக்குப் பின்னால்) பிளஸ் 37.5, மைனஸ் 37.5 மைக்ரோவோல்ட் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்க. 75 இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். சந்தேகமான எபாக் ஒன்றை மட்டும் அனுப்பாதீங்க. அதற்கு முந்தின இரண்டு, பிந்தின இரண்டு சேர்த்து ஐந்து எபாக். என்2 (நடுத்தரத் தூக்கம்) தொடர்கிறதா முடிந்ததா என்பது முந்தின எபாக்கின் கே காம்ப்ளெக்ஸ், ஸ்பிண்டில் என்ற என்2 அலைகள், நடுவில் வந்த அரௌசல் (சில விநாடி விழிப்புச் சாயல்) இவற்றைப் பொறுத்தது. தனி எபாக்கில் அது தெரியாது. முன்மண்டை, நடு, பின்மண்டை மூன்றும் இருக்கணும், இரண்டு கண் சேனலும் தாடைத் தசையின் ஈஎம்ஜியும் இதயத்தின் ஈசிஜியும் மார்பு, வயிற்று பெல்ட்டும் இருக்கணும். ஃபில்டர் எண்களைப் படத்தின் கீழேயே எழுதுங்க.

கூடவே நாலு வரி: வயது, பாலினம், டயக்னாஸ்டிக்கா டைட்ரேஷனா (மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து சரியான அளவு தேடும் இரவு), என்ன மாத்திரை, விளக்கு அணைத்தது எப்போது, இந்த எபாக் எத்தனை மணிக்கு. மாத்திரையை விட்டுடாதீங்க. பென்சோடையசெபைன் எடுப்பவருக்கு ஸ்பிண்டில் கூடும், மன அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு ரெம் (கனவுத் தூக்கம்) குறையும், சிலருக்கு என்2-விலேயே கண் அசைவு வரும். டைட்ரேஷன் இரவா என்பதும் முக்கியம். சிபேப் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் மெஷின்) போட்ட முதல் இரவில் என்3-யும் ரெம்மும் இயல்பாகவே பொங்கி வரும். கடைசியாக, "நான் இதை என்3 என்று குறித்தேன், காரணம் இது" என்று எழுதுங்க. "இது என்ன ஸ்டேஜ்?" என்று மட்டும் கேட்டால் ஒரு வார்த்தைப் பதில்தான் வரும். காரணம் எழுதினால்தான் எந்த இடத்தில் விலகினீங்க என்று காட்டுவாங்க.

இனி உங்க 46%. டயக்னாஸ்டிக் இரவு, 58 வயது, மூச்சு நிகழ்வு இத்தனை. அதில் என்3 இவ்வளவு இருக்காது. முதல் சந்தேகம் வியர்வை; அது அலைக்கோட்டை மெதுவாகப் புரள வைக்கும். சோதிக்கச் சுலபமான வழி, அலையின் அகலத்தை விநாடியில் அளப்பது. 0.5 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு முழு அலைக்கு 2 விநாடி. அதைவிட அகலமாகப் புரளும் அலை ஸ்லோ வேவ் கணக்கில் சேராது, எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. அடுத்து பெல்ட்டைப் பாருங்க. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 4 விநாடி. ஈஈஜி (மூளை) அலையும் அதே 4 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் அது மூளை இல்லை; தலையணையில் அழுந்தும் காதோர எலக்ட்ரோடு மூச்சோடு சேர்ந்து அசைகிறது.

பிறகு ரெஃபரன்ஸை (ஒப்பிடும் காதோர எலக்ட்ரோடை) மாற்றிப் பாருங்க. எம்1 உள்ள எல்லாச் சேனலிலும் ஒரே மாதிரிப் புரண்டு, எம்2-க்கு மாற்றியதும் அடங்கினால் குற்றவாளி எம்1. நிஜமான ஸ்லோ வேவ் முன்மண்டையில் பெரிதாகவும் பின்மண்டையில் சிறிதாகவும் இருக்கும். வியர்வைப் புரளலுக்கு அந்த வித்தியாசம் கிடையாது. கண் சேனலில் வருகிறதே என்பதை மட்டும் வைத்து ஆர்ட்டிஃபாக்ட் என்று முடிவு செய்யாதீங்க. முன்மண்டை ஸ்லோ வேவ் கண் சேனலிலும் எட்டிப் பார்க்கும். ஹிப்னோகிராமையும் (இரவு முழுக்கத் தூக்க நிலைகளின் வரைபடம்) ஒரு பார்வை பாருங்க. என்3 இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் அடர்ந்து, விடியலில் மெலியணும். விடிய விடிய ஒரே சீராக என்3 போகிறது என்றால் அறையில் புழுக்கம்.

ஒன்று மட்டும் செய்யாதீங்க: புரளல் போகட்டும் என்று லோ ஃபில்டரை 0.3-லிருந்து 1 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி வைத்து ஸ்கோர் செய்வது. நிஜ ஸ்லோ வேவும் சேர்ந்து தேயும். 46% இருந்தது 4% ஆகும், இரண்டும் பொய். ராத்திரியிலேயே ஏசி வெப்பநிலையைக் குறைத்து, கம்பளியை எடுத்து, காதோரம் மின்விசிறிக் காற்று படுகிற மாதிரி வைப்பதுதான் மருந்து.

பதிவேடு

முழு ஃபைல் அனுப்புவது பற்றி எழுதுகிறேன். இந்த இடத்தில்தான் பலரும் யோசிக்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.

இடிஎஃப் (ஸ்டடியைச் சேமிக்கும் பொது வடிவம்) ஃபைலின் தலைப்பகுதியில் முதல் 8 பைட் பதிப்பு எண். அடுத்த 80 பைட் நோயாளியின் அடையாளம். அதற்கடுத்த 80 பைட் பதிவின் அடையாளம். பிறகு தேதிக்கு 8, நேரத்துக்கு 8. இடிஎஃப் பிளஸ் வடிவத்தில் நோயாளி இடத்தில் மருத்துவமனை எண், பாலினம், பிறந்த தேதி, பெயர் நான்கும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பதிவு இடத்தில் டெக்னீஷியன் பெயரும் இருக்கலாம். ஃபைலின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினால் உள்ளே இருப்பது எல்லாம் அப்படியே போகும். இடிஎஃப் பிரவுசர் என்ற இலவச மென்பொருளில் ஹெடர் எடிட்டர் இருக்கிறது. நகல் எடுத்து, நகலில் இவற்றை அழியுங்கள். தேதியை மாற்றுங்கள். நேரத்தை விட்டுவையுங்கள், ஸ்கோர் செய்பவருக்கு அது தேவை.

இதோடு முடியவில்லை. இடிஎஃப் பிளஸில் அனொட்டேஷன் என்று தனிச் சேனல் உண்டு. ராத்திரி நீங்கள் தட்டிய குறிப்புகள் அங்கே இருக்கும். "ரவி சார் பாத்ரூம் போனார்" என்று ஒரு வரி இருந்தால் பெயர் வெளியே போய்விட்டது. எல்லாக் குறிப்பையும் ஒருமுறை படியுங்கள். வீடியோவை எந்தக் காரணத்துக்கும் அனுப்பக் கூடாது. முகத்தை மறைத்தால்கூட குரல் இருக்கிறது, உடல் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் என்றால் மேல்பட்டையில் பெயர், கீழ் மூலையில் சிறிய வீடியோச் சன்னல் இரண்டையும் வெட்டி எறியுங்கள். மேலே கறுப்புப் பட்டை வரைவதை நம்ப வேண்டாம், வெட்டிவிடுங்கள்.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. அதற்கு முன்பும் நோயாளியின் ரகசியம் காப்பது கடமைதான். ஆகவே குழுவில் சேரும் முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்: பெயர் நீக்கிய எபாக் படங்களைப் படிப்புக்காகப் பகிரலாமா, முழு ஃபைலைப் பகிரலாமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு. பெரும்பாலும் முதலாவதுக்குச் சரி என்பார்கள், இரண்டாவதுக்கு மாட்டார்கள். அதுவே போதும். சின்ன ஊரில், "நேற்று வந்த 58 வயது பள்ளி ஆசிரியர்" என்று எழுதினாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வயதைப் பத்தாண்டாகச் சொல்லுங்கள், தொழில் வேண்டாம், நாள் வேண்டாம்.

முழு ஃபைலை வைத்துப் பழகத்தான் ஆசை என்றால் பொதுவில் கிடைக்கும் பதிவுகள் இருக்கின்றன. ஃபிசியோநெட் தளத்தில் ஸ்லீப்-இடிஎஃப் தொகுப்பு இலவசம். அமெரிக்காவின் தேசிய தூக்க ஆய்வு வளத்தில் ஸ்லீப் ஹார்ட் ஹெல்த், மெசா ஆய்வுகளின் பதிவுகள் விண்ணப்பித்தால் கிடைக்கும். ஆனால் ஸ்லீப்-இடிஎஃப், ஸ்லீப் ஹார்ட் ஹெல்த் இரண்டும் 1968-ன் ரெக்ட்ஷாஃபன்-கேல்ஸ் விதிப்படி ஸ்கோர் ஆனவை. ஸ்டேஜ் 3, 4 தனித்தனியாக இருக்கும், சேர்த்து என்3 ஆக்கிக்கொள்ள வேண்டும். ஸ்லீப் ஹார்ட் ஹெல்த்தில் இருப்பது நடுமண்டைச் சேனல்கள் மட்டும். என்3-யை முன்மண்டையில் அளந்து பழக அது உதவாது. ஸ்பிண்டில், அரௌசல், மூச்சு நிகழ்வு பழக நல்லது.

கோவை_நைட்டெக்

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன். புரளல் 3 விநாடிக்கு மேல் அகலம், எம்1 உள்ள சேனல்களில்தான். எம்2-க்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்குகிறது. அந்த இரவு நோயாளி குளிர்கிறது என்றதால் ஏசியை 28-ல் வைத்திருந்தது குறிப்பில் இருக்கிறது. எம்2-வை வைத்து மறுபடி ஸ்கோர் செய்கிறேன்.

மூச்சு நிகழ்வு விஷயம் இன்னும் புரியவில்லை. ஆக்சிமீட்டர் (ரத்த ஆக்சிஜன் அளவி) செட்டிங் பார்த்தேன், ஆவரேஜிங் (எத்தனை விநாடிக்குச் சராசரி) 8 விநாடி. தெர்மிஸ்டரும் (மூச்சின் சூட்டை உணர்வது) நாசல் பிரஷரும் (மூக்கில் காற்றழுத்தம்) இரண்டும் உண்டு. ஆட்டோ ஸ்கோரிங்கில் என்ன விதி போட்டிருக்கிறது என்று தேட வேண்டும்.

நாசல்_பிரஷர்

8 விநாடியா? அதை முதல்ல மாத்துங்க. ஏஏஎஸ்எம் (அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி) கையேடு சொல்றது, நாடித்துடிப்பு 80 இருக்கும்போது அதிகபட்சம் 3 விநாடி. ஆவரேஜிங் நீளமானா பள்ளம் தூர்ந்துபோகும். நிஜத்தில் 4% இறங்கினது திரையில் 2%, 3%-ன்னு தெரியும். 15 விநாடிக்குள்ள முடியுற சின்ன ஹைப்போப்னியாதான் (மூச்சு குறையுற நிகழ்வு) முதல்ல காணாமப் போகும். வார்டு மானிட்டருக்கு அலாரம் அடிக்கடி அடிக்கக்கூடாதுன்னு நீளமா வைப்பாங்க. ஸ்லீப் ஸ்டடிக்கு அது ஆகாது. ஏற்கெனவே பதிவானதைச் சரிசெய்ய முடியாது, அதனால இந்த ஸ்டடியோட ரிப்போர்ட்டில் ஆவரேஜிங் 8 விநாடின்னு ஒரு வரி எழுதணும், மருத்துவருக்கும் சொல்லணும்.

22, 13 ரெண்டுமே கணக்குப்படி சரியா இருக்கலாம். ஹைப்போப்னியாவுக்கு ரெண்டு விதி. 1ஏ: நாசல் பிரஷர் 30% அல்லது அதுக்கு மேல குறையணும், 10 விநாடியாவது நீடிக்கணும், கூடவே ஆக்சிஜன் 3% இறங்கணும் அல்லது அரௌசல் வரணும். 1பி: அதே 30%, அதே 10 விநாடி, ஆனா ஆக்சிஜன் 4% இறங்கியே ஆகணும், அரௌசல் கணக்கில் வராது. ஏஏஎஸ்எம் பரிந்துரை 1ஏ. அமெரிக்க மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) கேட்கிறது 4%. அதனால அங்கே விற்கிற மென்பொருளில் 1பி முன்கூட்டியே செட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். நீங்க கையால 1ஏ போட்டீங்க, மெஷின் 1பி போட்டுச்சுன்னா இந்த வித்தியாசம் வரத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் எந்த விதின்னு எழுதாத ஏஹெச்ஐ பாதி எண்தான்.

ஆனா விதி மட்டும்தான் காரணம்னு விட்டுடாதீங்க. நிகழ்வுப் பட்டியலை எக்ஸ்போர்ட் பண்ணி, உங்களுக்கும் மெஷினுக்கும் ஒத்துப்போகாத 54-ஐ எடுத்து ஒவ்வொண்ணா பிரிங்க. அரௌசல் மட்டும் உள்ளது ஒரு குவியல். 3% இறங்கினது ஒரு குவியல். ரெண்டுமே இல்லாதது ஒரு குவியல். மூணாவது குவியல் பெருசா இருந்தா தப்பு உங்க பக்கம். ஓட்டம் குறைஞ்சதைப் பார்த்தே குறிச்சிருக்கீங்க. முதல் குவியலில் ஒவ்வொரு அரௌசலையும் திரும்பப் பாருங்க: ஈஈஜி அலைவேகம் மாறி 3 விநாடியாவது நீடிக்கணும், அதுக்கு முன்னால 10 விநாடி நிலையான தூக்கம் இருக்கணும், ரெம்மில்னா தாடை ஈஎம்ஜியும் 1 விநாடியாவது ஏறணும்.

இன்னொரு இடம் இருக்கு, அனுபவசாலிகளும் தடுமாறுற இடம். நாசல் கேனுலா (மூக்குக் குழாய்) அளக்கிறது அழுத்தத்தை, ஓட்டத்தை இல்லை. அழுத்தம் ஏறக்குறைய ஓட்டத்தின் வர்க்கம். அதனால ஸ்கொயர் ரூட் மாற்றம் போடாத சேனலில் 30% குறைவுன்னு தெரியுறது நிஜ ஓட்டத்தில் 16% குறைவுதான். கையேடு மாற்றம் போட்டும் ஏத்துக்குது, போடாமலும் ஏத்துக்குது. ஆனா நீங்க மாற்றம் போடாம கையால குறிச்சு, மெஷின் மாற்றம் போட்ட சேனலில் எண்ணினா உங்க எண்ணிக்கை கூடத்தான் செய்யும். குழுவில் கேட்கும்போது இந்த ஒரு விவரத்தைச் சொல்லாட்டி பத்துப் பேர் பத்துப் பதில் சொல்வாங்க.

அப்னியாவுக்கு (மூச்சு நிற்கிறது) மட்டும் தெர்மிஸ்டர், 90% குறைவு. மெஷின் அப்னியாவையும் நாசல் பிரஷரில் தேடுற மாதிரி செட் ஆகியிருந்தா, வாயால மூச்சு விடுறவருக்கெல்லாம் அப்னியா போட்டுத் தள்ளும். அதையும் பாருங்க.

இரவுப்பணி

சான்று, தேர்வு, குழு இந்த மூன்றுக்கும் பதில்.

ஆர்பிஎஸ்ஜிடி சான்றை வழங்குவது அமெரிக்காவில் உள்ள பிஆர்பிடி வாரியம். சான்று நடப்பில் உள்ளவரா என்று வாரியத்தின் இணையதளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம். பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டிருப்பதை வைத்து நம்ப வேண்டாம், ஏனென்றால் சான்று ஆயுளுக்கும் செல்லாது: 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 50 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். புதுப்பிக்காதவர் பழைய விதியிலேயே நின்றிருக்கலாம். ஏஏஎஸ்எம் கையேடு முதலில் வந்தது 2007-ல், இரண்டாம் பதிப்பு 2012-ல், மூன்றாவது 2023-ல். குழுவில் யாராவது ஒரு விதியைச் சொன்னால் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். நல்லவர்கள் கோபப்பட மாட்டார்கள், பக்கத்தை எடுத்துக் காட்டுவார்கள்.

ஆர்எஸ்டி என்று போட்டிருப்பவர்கள் அமெரிக்கன் போர்டு ஆஃப் ஸ்லீப் மெடிசின் சான்று பெற்றவர்கள். ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் டெக்னாலஜிஸ்ட்களுக்குத் தனித் தேர்வு வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கும் தனிச் சங்கம் உண்டு. அமெரிக்க டெக்னாலஜிஸ்ட்களின் சங்கம் ஏஏஎஸ்டி. அதன் உறுப்பினர் குழுவும் இதழும் பயனுள்ளவை. இங்கே இந்தியன் ஸ்லீப் டிஸார்டர்ஸ் அசோசியேஷனின் மாநாட்டில் டெக்னீஷியன்களை நேரில் பார்க்கலாம். என் கருத்து, இரண்டாயிரம் பேர் உள்ள பொதுக்குழுவைவிட, அங்கே பழக்கமான ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை ஒரே பதிவை ஸ்கோர் செய்து ஒப்பிடுவதுதான் கையைத் திருத்தும். பெரிய குழு ஆளைக் கண்டுபிடிக்க, சின்னக் குழு வேலையைக் கற்க.

அதை நடத்தும் முறை: பெயர் நீக்கிய ஒரு பதிவிலிருந்து தொடர்ச்சியாக 200 எபாக். எல்லோரும் தனித்தனியே, ஒருவர் விடையை ஒருவர் பாராமல் ஸ்கோர் செய்ய வேண்டும். ஐந்துக்கு ஐந்து அட்டவணை: நீங்கள் போட்ட ஸ்டேஜ் வரிசையில், மற்றவர் போட்டது நிரலில். மூலைவிட்டத்தில் விழுவதைக் கூட்டி 200-ஆல் வகுத்தால் ஒப்புமை. மொத்த சதவீதத்தைவிட எந்தக் கட்டத்தில் குவிகிறது என்பதைப் பாருங்கள். நீங்கள் என்3, மற்றவர்கள் என்2 என்ற கட்டம் நிறைந்தால் உயர அளவில் சிக்கல். நீங்கள் விழிப்பு, மற்றவர்கள் என்1 (லேசான தூக்கம்) என்றால் ஆல்ஃபா அலை மறைவதைப் பிடிப்பதில் சிக்கல்.

நூற்றுக்கு நூறு வரவில்லையே என்று சோர வேண்டாம். ஏஏஎஸ்எம் நடத்தும் ஸ்கோரர் ஒப்புமைத் திட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கோரிங்கை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில் மொத்த ஒப்புமை 82.6%தான். ரெம் 90.5, என்2 85.2, விழிப்பு 84.1, என்3 67.4, என்1 63.0. என்3-யில் மூன்றில் ஒன்று விலகுகிறது என்றால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்தத் திட்டத்தில் சந்தா கட்டி நீங்களும் சேரலாம். மாதம் 200 எபாக், விடைக்கு விளக்கமும் உண்டு. தனி ஆளாக இருப்பவருக்கு அந்தச் செலவு தகும். மருத்துவமனையைக் கட்டச் சொல்லிக் கேளுங்கள், லேப்பின் தரத்துக்கான செலவு அது.

தேர்வுக்குப் பல வழிகள் உண்டு. உங்கள் படிப்பு, பணி நேரம் இவற்றைப் பொறுத்து வழி மாறும், நிபந்தனைகளும் அவ்வப்போது மாறும். வாரியத்தின் நடப்பு விண்ணப்பக் கையேட்டை மட்டும் பாருங்கள், குழுவில் வரும் பழைய பிடிஎஃப் வேண்டாம். இன்றே தொடங்க வேண்டியது ஒன்று: பதிவேடு. எந்தத் தேதி, டயக்னாஸ்டிக்கா டைட்ரேஷனா, எத்தனை மணி நேரம் நேரடிப் பணி, ஸ்கோர் செய்ததா என்று எழுதி மாதாமாதம் மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். மூன்று ஆண்டு கழித்து மொத்தமாக எழுதிக் கேட்டால் எந்த மருத்துவரும் தயங்குவார். பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சிச் சான்று காலாவதியாகாமல் இருக்கட்டும். தேர்வு பியர்சன் வியூ மையத்தில் கணினியில் நடக்கும்.

மாஸ்க்_லீக்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு, நோயாளி படுக்கையில் இருக்கும்போது, "பிரஷர் ஏத்தவா?" என்று குழுவில் கேட்காதீர்கள். பதில் சொல்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவர் லீக்கை (மாஸ்க்கில் காற்று ஒழுகுவதை) பார்க்கவில்லை, நோயாளியைப் பார்க்கவில்லை, பொறுப்பும் அவருக்கு இல்லை. அந்த நேரத்துக்கு உங்கள் லேப்பின் எழுதிவைத்த புரோட்டோகாலும் ஆன்-கால் மருத்துவரும்தான். புரோட்டோகால் எழுத்தில் இல்லை என்றால், சான்று பெற்றவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்: வரைவைப் போட்டுத் திருத்தம் கேளுங்கள், திருத்தியதில் உங்கள் மருத்துவர் கையெழுத்திடட்டும்.

வரைவுக்கு அடிப்படை, 2008-ல் வந்த ஏஏஎஸ்எம் டைட்ரேஷன் வழிகாட்டுதல். பெரியவர்களுக்கு 4 செ.மீ. நீர் அழுத்தத்தில் தொடக்கம். ஏற்றினால் குறைந்தது 1 செ.மீ., ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே குறைந்தது 5 நிமிடம். ஏற்றக் காரணம்: தடை அப்னியா 2, அல்லது ஹைப்போப்னியா 3, அல்லது ரேரா (மூச்சு சிரமப்பட்டு வரும் அரௌசல்) 5, அல்லது சந்தேகமில்லாத பலத்த குறட்டை 3 நிமிடம். சிபேப்பில் உச்சம் 20. 15-லும் தடை நிகழ்வு நிற்கவில்லை என்றால் பைபேப் (உள்மூச்சுக்கும் வெளிமூச்சுக்கும் தனித்தனி அழுத்தம்) யோசிக்கலாம்; உள்மூச்சுக்கு 8, வெளிமூச்சுக்கு 4-ல் தொடக்கம், இரண்டுக்கும் இடைவெளி 4-க்குக் குறையாமல், 10-க்கு மேல் போகாமல். ஏற்றும் முன் லீக்கைப் பாருங்கள். மாஸ்க் ஒழுகும்போது அழுத்தத்தை ஏற்றினால் ஒழுகல் கூடும், நோயாளி விழிப்பார், நிகழ்வு அப்படியே இருக்கும். மெஷினின் ஃப்ளோ சிக்னலில் ஸ்கோர் செய்யுங்கள். மாஸ்க்குக்கு அடியில் நாசல் கேனுலாவைச் செருகினால் அதுவே ஒழுகலுக்கு வழி.

மறுநாள் குழுவில் கேட்பதென்றால் ஒரு அட்டவணை போதும்: ஒவ்வொரு அழுத்தத்திலும் எத்தனை நிமிடம் தூக்கம், அதில் ரெம் எவ்வளவு, மல்லாந்து படுத்தது எவ்வளவு, அப்னியா, ஹைப்போப்னியா எண்ணிக்கை, குறைந்தபட்ச ஆக்சிஜன், லீக். 15 நிமிடமாவது பதிவாகி, அதில் மல்லாந்த ரெம்மும் சேராத அழுத்தத்தை உகந்த அழுத்தம் என்று சொல்ல மாட்டார்கள். அந்தக் கட்டம் காலியாக இருப்பதே உங்களுக்குப் பதில்.

கோவை_நைட்டெக்

மென்பொருளில் 1பிதான் போட்டிருக்கிறது, ஸ்கொயர் ரூட் மாற்றமும் ஆன். ஆக்சிமீட்டரை 3 விநாடிக்கு மாற்றிவிட்டேன். 54-ஐப் பிரித்தால் அரௌசல் மட்டும் உள்ளது 31, 3% இறங்கியது 14, இரண்டும் இல்லாதது 9. அந்த 9-ஐ எடுத்துவிட்டால் 123, ஏஹெச்ஐ 20.5. 31 அரௌசலையும் மறுபடி பார்க்கப் போகிறேன். சந்தேகமானவற்றை இங்கே படமாகப் போடலாமா? மருத்துவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியாயிற்று, படத்துக்கு மட்டும்.

எம்1 எனக்கு அடிக்கடி கழன்று போகிறது. ஒட்டும்போது இம்பீடன்ஸ் (எலக்ட்ரோடின் மின் தடை) 5 கிலோஓம்முக்குக் கீழே இருக்கிறது, நள்ளிரவில் 20-ஐத் தாண்டுகிறது. டேப் மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

ஸ்பிண்டில்

போடுங்க, ஒரு தடவைக்கு மூணு நாலு எபாக் தொகுப்பு. அரௌசலுக்கு முந்தின 10 விநாடி படத்தில் கட்டாயம் தெரியணும். எம்2-வில் மறு ஸ்கோர் முடிந்த பிறகு எண்ணுங்க. ஸ்டேஜ் மாறினால் தூக்க நேரமும் மாறும், வகுக்கிற 6 மணி நேரமே மாறலாம்.

எம்1 கழல்வதற்கு டேப் காரணமாக இருக்காது, அடியில் உள்ள எண்ணெய். அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும்போதே தலைக்குக் குளித்து, தேங்காய் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்க. எழுதிக் கொடுங்க, வாயால் சொன்னால் மறந்துடுவாங்க. வந்தவருக்கு எண்ணெய் இருந்தால் காதுக்குப் பின்னால் ஸ்பிரிட் பஞ்சால் இரண்டு தடவை துடைத்து, முழுக்கக் காயவிட்டு, அப்புறம் நூப்ரெப் ஜெல்லை இயர்பட்டில் எடுத்து இலேசாகத் தேய்த்து, அதையும் துடைத்தெடுங்க. ஜெல் மிச்சம் இருந்தால் ஒட்டு நிற்காது. இடம், காதுக்குப் பின்னால் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும் எலும்பு மேல். சதையில் வைத்தால் ஈசிஜி துடிப்பும் சேர்ந்து வரும். டென்20 பேஸ்ட் கப் நிறைய, விளிம்புக்கு வெளியே வழியாத அளவு. மேலே சின்ன காஸ் துண்டு, அதன் மேல் மைக்ரோபோர். ஒயரை நேரே கீழே இழுக்காமல் காதுக்குப் பின்னால் ஒரு சுற்று தளர்வாக விட்டு, கழுத்துப் பக்கம் தனியாக ஒரு டேப். தலை திரும்பும்போது இழுவை அந்தச் சுற்றில் போகும், கப் அசையாது.

நகச்சாயம், கரும் மருதாணி இருக்கும் விரலில் ஆக்சிமீட்டர் வேண்டாம், வேறு விரல் பாருங்க. நெற்றியில் திருநீறு, சந்தனம் இருந்தால் கிரவுண்டு எலக்ட்ரோடு வைக்கிற இடத்தை மட்டும் கேட்டுவிட்டுத் துடைங்க. மூக்குத்தி கேனுலாவை ஒருபக்கம் தூக்கிவிடும். கழற்ற மாட்டாங்க என்றால் கேனுலாக் குழாயைக் கன்னத்தில் இரண்டு பக்கமும் டேப் போட்டு நிறுத்துங்க.

விளக்கு அணைக்கும் முன் பயோ-கேலிப்ரேஷனில் (சேனல்களைச் சோதிக்கும்போது) தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்லி எம்1, எம்2 இரண்டும் ஆடுகிறதா பாருங்க. ஆடினால் அப்போதே திரும்ப ஒட்டுங்க. ராத்திரியில் எம்1 20-ஐத் தாண்டினால் உடனே நோயாளியை எழுப்ப வேண்டாம். எம்2 நன்றாக இருக்கும்வரை எஃப்3-எம்2, சி3-எம்2, ஓ1-எம்2-வில் பதிவு தொடரட்டும். அவரே பாத்ரூமுக்கு எழும்போது சரிசெய்யுங்க, நேரத்தைக் குறித்து வையுங்க.